விறகு ஸ்டவ்வுக்கு ஒற்றை அடுக்குப் பைப்பா, இரட்டை அடுக்குப் பைப்பா: அளவெடுப்பதிலிருந்து முதல் தீ வரை

அறையைச் சூடாக்கும் விறகு ஸ்டவ் வாங்குகிறவர்கள் ஸ்டவ்வைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்கள். பைப்பைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம். கடைக்காரர் சிங்கிள் வாலா, டபுள் வாலா, அதாவது ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா என்று கேட்பார். டபுள் வால் இரண்டு மூன்று மடங்கு விலை என்று தெரிந்ததும் பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஸ்டவ் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், புகை ஒழுங்காக மேலே ஏறுமா, புகைபோக்கிக்குள் எவ்வளவு தார் படியும் என்ற மூன்றையும் முடிவு செய்வது இந்தப் பைப்தான். விலையைக் கடைசியாகப் பார்க்கலாம். முதலில் அளவு நாடாவை எடுங்கள்.

எந்தப் பைப்பைப் பற்றிப் பேசுகிறோம்

ஸ்டவ்விலிருந்து கூரைக்கு மேல் வரை ஒரே பைப் போவதுபோல் தெரிந்தாலும் அது இரண்டு தனித்தனிச் சாமான். ஸ்டவ்வின் புகைவாயிலிருந்து கூரைத்தளம் அல்லது சுவர் வரை, அறைக்குள் கண்ணுக்குத் தெரியும் பகுதி இணைப்புப் பைப். அங்கிருந்து தளத்தையோ சுவரையோ துளைத்து வெளியே போவது புகைபோக்கி. ஒற்றையா இரட்டையா என்ற கேள்வி இணைப்புப் பைப்புக்கு மட்டும்தான். புகைபோக்கிப் பகுதிக்குச் செங்கல் கட்டுமானமோ, தொழிற்சாலையிலேயே வெப்பக்காப்பு அடைத்துச் செய்த புகைபோக்கியோதான் வேண்டும். ஒற்றை அடுக்குப் பைப்பைச் சுவருக்குள்ளோ, பரணுக்குள்ளோ, அலமாரிக்குள்ளோ நுழைப்பது விதிப்படி கூடாது. இரட்டை அடுக்கு இணைப்புப் பைப்புக்கும் அதே தடைதான். இரட்டை அடுக்குதானே என்று அதையே கூரைக்கு மேல் வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதற்குள் இருப்பது வெறும் காற்று இடைவெளி, வெப்பக்காப்பு அல்ல. வெளிக்குளிரில் அது ஒற்றை அடுக்கைவிடக் கொஞ்சம்தான் மேல்.

ஒற்றை அடுக்குப் பைப் என்பது கறுப்பு வண்ணம் அடித்த ஒரே எஃகுத் தகடு. ஆறு அங்குல விட்டத்துக்கு 24 கேஜ், அதாவது சுமார் 0.6 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 28 கேஜ் பெரிய எண்ணாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டால் கையில் கிடைப்பது மெல்லிய தகடு.

இரட்டை அடுக்கில் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய், வெளியே கறுப்பு எஃகு உறை, நடுவில் சுமார் கால் அங்குலக் காற்று. உள்விட்டம் ஆறு அங்குலம் என்றால் வெளிவிட்டம் ஏழு அங்குலத்தை ஒட்டி வரும்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எரிவாயு ஹீட்டருக்கான வெளியேற்றுக் குழாயும் இரட்டை அடுக்குதான், விலையும் மலிவு. ஆனால் அதன் உள்குழாய் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், புகைபோக்கிக்குள் தார் தீப்பிடித்தால் வெப்பம் 1,100 டிகிரியைத் தொடும். அந்தக் குழாயை விறகு ஸ்டவ்வில் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பும் வேண்டாம். சூட்டில் பூச்சு உரியும், அதன் ஆவி மூச்சுக்குக் கேடு.

படி 1: தூரத்தை அளவெடுங்கள்

எரியக்கூடிய எதுவும் ஒற்றை அடுக்குப் பைப்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது. இது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 211-ஆம் தரவிதி. இங்கிலாந்துக் கட்டட விதி, காப்பில்லாத பைப்புக்கு அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் கேட்கிறது. 150 மி.மீ. பைப்புக்கு அது 450 மி.மீ., கிட்டத்தட்ட அதே 18 அங்குலம். இரண்டு நாடுகளும் தனித்தனி வழியில் ஒரே எண்ணுக்கு வந்து நிற்பதால் இதில் பேரம் பேச இடமில்லை.

இரட்டை அடுக்குப் பைப்புக்குப் பொதுவான ஒரே எண் கிடையாது. தயாரிப்பாளர் சோதித்துப் பெற்ற எண் பைப்பின் மேலேயே ஒட்டியிருக்கும். பெரும்பாலும் பக்கச் சுவருக்கு 6 அங்குலம், கூரைத்தளத்துக்கு 8 அங்குலத்தை ஒட்டி. ஐரோப்பியத் தரக்குறியில் ஜி என்ற எழுத்தை அடுத்து வரும் எண்தான் எரியும் பொருளிலிருந்து விட வேண்டிய தூரம், மில்லிமீட்டரில். உங்கள் பைப்பில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.

அளவைப் பைப்பின் வெளிப்பரப்பிலிருந்து எடுங்கள், நடுவிலிருந்து அல்ல. சுவரை மட்டும் பார்த்தால் போதாது. மர உத்தரம், ஜன்னல் சட்டம், திரைச்சீலை, பக்கத்தில் நிற்கும் புத்தக அலமாரி எல்லாமே எரியும் பொருள்தான். ஜிப்சம் பலகையும் அப்படித்தான், அதன் மேல் காகிதம் ஒட்டியிருக்கிறது, பின்னால் மரச்சட்டம் இருக்கலாம். டைல்ஸ் பதித்த சுவர்தானே என்று நினைக்கிறவர்கள் அதிகம். டைல்ஸ் எரியாது, ஆனால் சூட்டை அப்படியே பின்னால் கடத்தும். பின்னால் இருக்கும் மரம் வருடக்கணக்கில் வறண்டு கருகி, சாதாரணமாகத் தீப்பிடிக்கும் வெப்பத்துக்கு வெகு முன்பே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். இப்படி நேரும் தீ முதல் வருடத்தில் வருவதில்லை. அதனால்தான் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

இந்த எண்களை அறைக்குள் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் மரச்சுவர், ஆறு அங்குலப் பைப். ஒற்றை அடுக்கென்றால் சுவரிலிருந்து 18 அங்குலம், அதோடு பைப்பின் பாதி விட்டம் 3 அங்குலம்: பைப்பின் மையம் சுவரிலிருந்து 21 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். இரட்டை அடுக்கென்றால் 6 அங்குலமும் பாதி விட்டம் சுமார் 3½ அங்குலமும் சேர்ந்து 9½. ஸ்டவ் ஏறக்குறைய ஒரு அடி பின்னால் போகிறது. சின்ன அறையில் அந்த ஒரு அடி, நாற்காலி போட இடம் இருக்கிறதா இல்லையா என்ற வித்தியாசம்.

ஆனால் பைப்புக்கு அனுமதி கிடைத்தால் ஸ்டவ்வுக்கும் கிடைத்ததாக ஆகாது. ஸ்டவ்வின் உடலுக்கும் தனித் தூரம் உண்டு, அதன் பின்பக்கத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். சில ஸ்டவ்களின் கையேட்டில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், ஒற்றை அடுக்குப் பைப்போடு ஒன்று, இரட்டையோடு ஒன்று. சிலவற்றில் இரட்டை மட்டுமே என்று எழுதியிருக்கும். அப்படியிருந்தால் தேர்வு அங்கேயே முடிந்தது.

படி 2: புகையின் சூட்டைக் கணக்கில் எடுங்கள்

ஒற்றை அடுக்குக்கு ஆதரவாக எப்போதும் வரும் வாதம்: பைப்பும் சூட்டை அறைக்குள் விடுகிறதே, அது லாபம்தானே? உண்மைதான். ஆனால் அந்தச் சூடு புகையிலிருந்து எடுத்தது. புகைக்கும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்க வேண்டும், மேலே ஏறும் இழுவையே அதிலிருந்துதான் வருகிறது. புகை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள நீராவியும் தாரும் குழாயின் உள்சுவரில் ஒட்டும். அதுதான் கிரியோசோட். முதலில் பொடியாக, பிறகு பளபளக்கும் கறுப்புப் பூச்சாக இறுகும். புகைபோக்கித் தீக்கு எரிபொருள் அதுவே.

பழைய பாணி ஸ்டவ்கள் புகையை நல்ல சூட்டில் வெளியே விடும், ஒற்றை அடுக்கில் கொஞ்சம் இழந்தாலும் சமாளிக்கும். இப்போதைய ஸ்டவ்கள் விறகின் சூட்டில் பெரும்பகுதியைத் தாங்களே எடுத்துக்கொண்டு மிதமான சூட்டில்தான் புகையை அனுப்புகின்றன. அதையும் பைப்பில் வீணாக்கினால் புகைபோக்கிக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. ஸ்டவ் புதிதாக இருக்க இருக்க இரட்டை அடுக்கின் பக்கம் தராசு சாய்வது இதனால்தான்.

நீளமும் வளைவும் கூடக் கூடச் சூடு குறையும். ஒற்றை அடுக்கை 8 அடிக்கு மேல் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. 90 டிகிரி எல்போ இரண்டுக்கு மேல் எந்தப் பைப்பிலும் வேண்டாம். படுக்கையாகப் போகும் பகுதி, அதற்கு மேலுள்ள புகைபோக்கி உயரத்தில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் விதி அனுமதிக்கிறதே என்று 12 அடி படுக்கை விடுகிறவர்கள் வருடமெல்லாம் கரி சுரண்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று அடிக்குள் நிறுத்துங்கள்.

விட்டத்தையும் கவனியுங்கள். புகைவாய் ஆறு அங்குலமென்றால் பைப்பும் ஆறு. எட்டாக அகட்டினால் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலத்திலிருந்து 50 ஆகிறது. புகை மெதுவாக நகர்ந்து, அதிக நேரம் தங்கி, அதிகம் குளிரும். குறுக்கினால் கதவைத் திறக்கும்போது புகை அறைக்குள் வரும்.

படி 3: முடிவு செய்யுங்கள்

ஒற்றை அடுக்கு போதும் என்று சொல்ல நான்கும் ஒன்றாகச் சேர வேண்டும்: சுற்றிலும் 18 அங்குலம் தாராளமாக இருக்கிறது, பைப் நேராகவோ ஒரே வளைவோடோ போகிறது, நீளம் 8 அடிக்குள், ஸ்டவ் கையேடு தடுக்கவில்லை. வேலைக்கொட்டகை, செங்கல் சுவர் அறை, அடிக்கடி கழற்றி மாட்டும் இடம் இவற்றுக்கு அது நல்ல சாமான். வேண்டிய அளவுக்கு வெட்டலாம், ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

நான்கில் ஒன்று தவறினாலும் இரட்டை. கூரைத்தளம் உயரமான வீடு, குளிர் கடுமையான இடம், குழந்தைகள் நடமாடும் வீடு, இரவு முழுக்கத் தீயைக் குறைத்து வைத்து எரிக்கும் பழக்கம் இருந்தாலும் இரட்டைதான். குறைந்த தீ என்றாலே குளிர்ந்த புகை. வெளி உறை ஒற்றையைவிடக் குறைவாகச் சுட்டாலும் தொட்டால் கை சுடும், அதையும் மறக்க வேண்டாம்.

பாதி ஒற்றை, பாதி இரட்டை என்று கலக்காதீர்கள். ஒற்றைப் பகுதிக்கு 18 அங்குலம் வேண்டும் என்பது மாறாது, இடம் மிச்சமாகாது. இரண்டு நிறுவனங்களின் இரட்டைப் பைப்புகளும் ஒன்றோடொன்று பூட்டாது. எல்லாத் துண்டுகளையும் ஒரே தயாரிப்பில் வாங்குங்கள்.

ஒற்றை அடுக்கை வைத்துக்கொண்டே சுவரை நெருங்க

நடுவழி ஒன்று உண்டு: வெப்பத் தடுப்புத் தகடு. 24 கேஜ் எஃகுத் தகட்டைச் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, எரியாத இடைக்கட்டைகள் மேல் நிறுத்த வேண்டும். அடியிலும் மேலேயும் ஒரு அங்குலம் திறந்திருக்க வேண்டும். கீழே நுழையும் குளிர்காற்று சூடேறி மேலே வெளியேறுவதுதான் சுவரைக் காக்கிறது. தகட்டை நேரே சுவரில் அறைந்தால் ஒரு பயனும் இல்லை. சரியாகச் செய்தால் பக்கச் சுவருக்கான 18 அங்குலம் 6 ஆகக் குறையும், கூரைத்தளத்துக்கு 9 ஆக மட்டுமே.

தகடு எவ்வளவு அகலம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பைப்புக்கு நேர் பின்னால் ஒரு அடி அகலத் தகடு போதாது. தகட்டின் ஓரத்தைத் தாண்டியுள்ள வெறுஞ்சுவர் பைப்பிலிருந்து இன்னும் 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும். பைப் சுவரிலிருந்து 6 அங்குலத்தில் இருந்தால் மையம் 9 அங்குலத்தில். மையத்திலிருந்து 21 அங்குலம் நீளமுள்ள நூலைச் சுவரைத் தொடும்வரை சாய்த்துப் பாருங்கள், பக்கவாட்டில் சுமார் 19 அங்குலத்தில் தொடும். இரண்டு பக்கமும் சேர்த்து 38 அங்குல அகலத் தகடு வேண்டும். தூரத்தை எப்போதும் பின்னாலுள்ள சுவர் வரை அளக்க வேண்டும், தகடு வரை அல்ல. இந்தத் தகடு, இடைக்கட்டை, கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரட்டைப் பைப்பின் விலை அவ்வளவு உறுத்தாது.

படி 4: சாமான் கணக்கு

ஒரு எளிய அமைப்பு: கூரைத்தளம் 96 அங்குல உயரம், ஸ்டவ்வின் புகைவாய் தரையிலிருந்து 30 அங்குலம், தளத்திலிருந்து புகைபோக்கியைத் தாங்கும் பெட்டி 3 அங்குலம் கீழே இறங்குகிறது. பைப் நிரப்ப வேண்டியது 63 அங்குலம்.

ஒற்றை அடுக்கில் ஒவ்வொரு துண்டின் நெளிமுனையும் (அடுத்த துண்டுக்குள் நுழைவதற்காக நெளித்துச் சுருக்கிய முனை) சுமார் ஒன்றரை அங்குலம் உள்ளே போய்விடும். 24 அங்குலத் துண்டு கணக்கில் 22½ தான். மூன்று துண்டு 67½ தரும், ஒன்றில் 4½ அங்குலம் வெட்ட வேண்டும். நெளியில்லாத முனையிலேயே, தையலை (தகட்டின் இரண்டு ஓரமும் சேரும் நீளவாக்கு மடிப்பு) பூட்டுவதற்கு முன் தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். மூன்றில் ஒன்றை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் துண்டாக வாங்கினால் வெட்டும் வேலையே இல்லை. சுத்தம் செய்யும்போது அதைச் சுருக்கினாலே பைப் முழுவதும் கழன்று வரும், ஸ்டவ்வை நகர்த்த வேண்டாம்.

இரட்டை அடுக்கை வெட்டக் கூடாது. 40 முதல் 68 அங்குலம் வரை நீளும் ஒரே துண்டு இந்த இடத்துக்குப் போதும். கூடவே ஸ்டவ்வின் புகைவாய்க்கு ஒரு அடாப்டர், மேலே புகைபோக்கிக்கு ஒரு அடாப்டர். இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் பாதி வேலையில் கடைக்கு ஓடுவது வழக்கமான காட்சி.

படி 5: பொருத்துதல்

மேலேயிருந்து தூக்குக் குண்டு விட்டு, புகைபோக்கி மையத்தின் நேர் கீழே புகைவாய் வரும்படி ஸ்டவ்வை நிறுத்துங்கள். ஒரு அங்குலம் விலகினாலும் பைப்பை இழுத்து வளைத்துச் சேர்க்க வேண்டி வரும், இணைப்புகள் வாய் பிளக்கும்.

நெளிமுனை எப்போதும் கீழே, ஸ்டவ்வை நோக்கி. புகை மேலே போகிறது, அப்படியானால் முனையும் மேலே பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் வழிந்து இறங்குவது தார். நெளிமுனை கீழே இருந்தால் தார் பைப்புக்குள்ளேயே ஓடி ஸ்டவ்வில் விழுந்து எரிந்துவிடும். தலைகீழாக மாட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் வெளியே கசிந்து கறுப்புக் கோடாக வழியும், வாடை தாங்காது.

ஒற்றை அடுக்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் சம இடைவெளியில் மூன்று ஸ்க்ரூ. புகைவாயிலும் மூன்று. இரட்டை அடுக்கில் ஸ்க்ரூ வெளி உறையைத்தான் பிடிக்க வேண்டும், நீளமாக இருந்தால் உள்குழாயைத் துளைத்துவிடும். படுக்கைப் பகுதி இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் புகைபோக்கியை நோக்கி மேல்வாட்டம், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒற்றைப் பைப்பின் தையல் சுவர்ப் பக்கம் இருந்தால் பார்க்க அழகு. தளத்துக்கு மேலுள்ள புகைபோக்கியைச் சுற்றி விடச் சொன்ன காற்று இடைவெளியில், வழக்கமாக 2 அங்குலம், கண்ணாடிக் கம்பளியைத் திணிக்காதீர்கள். அது காலியாக இருப்பதுதான் பாதுகாப்பு.

படி 6: முதல் தீயும் வெப்பமானியும்

ஜன்னல்களைத் திறந்து வைத்து மூன்று சின்னத் தீ, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக. கறுப்பு வண்ணம் இறுகும்போது புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் எஃகு விரிகிறது: 63 அங்குலப் பைப் 250 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும்.

ஒரு மணி நேரம் நன்றாக எரிந்த பிறகு, பைப்புக்கு நேர் பின்னால் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். எடுக்காமல் வைத்திருக்க முடியவில்லை என்றால் தீயை அணையவிட்டுத் தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

ஒற்றை அடுக்கில் காந்த வெப்பமானியைப் புகைவாய்க்கு மேல் 18 அங்குலத்தில் ஒட்டினால் போதும். 115 முதல் 245 டிகிரி வரை நல்ல எரிப்பு. அதற்குக் கீழே தார் படிகிறது, மேலே போனால் காற்றைக் குறைக்க வேண்டும். உள்ளே ஓடும் புகை இதைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு சூடு. அதே காந்த வெப்பமானியை இரட்டை அடுக்கில் ஒட்டினால் அது வெளி உறையின் சூட்டைக் காட்டும், ஸ்டவ் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும். அதை நம்பிக் காற்றைத் திறந்து விடுவது ஆபத்து. இரட்டைக்குத் துளையிட்டு உள்ளே நுழைக்கும் கம்பி வெப்பமானிதான். அதில் 205 முதல் 480 வரை சரியான பகுதி.

கோளாறு வந்தால்

இணைப்பில் கறுப்பு நீர் கசிந்தால் நெளிமுனை தலைகீழ், அல்லது விறகு ஈரம். 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகு எந்தப் பைப்பையும் தோற்கடிக்கும்.

கதவைத் திறந்ததும் புகை அறைக்குள் வந்தால் புகைபோக்கியின் உயரத்தைப் பாருங்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். அது சரியென்றால் எல்போக்களில் கரி அடைத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று அந்த அறையில் எப்போதும் இருக்கட்டும், இந்த வாயுவுக்கு வாடை கிடையாது.

உள்ளே படிந்தது கால் அங்குலத்தை எட்டுமுன் துடைத்துவிடுங்கள். ஒற்றை அடுக்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் துண்டுகளைப் பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்துங்கள், எல்போவின் வெளிவளைவையும் தையலையும் முக்கியமாக. நல்ல தகடு விறைப்பாக நிற்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பிஸ்கட் டப்பா மாதிரி உள்ளே குழிந்தாலோ, விரலில் துரு உதிர்ந்தாலோ அந்தத் துண்டை அன்றே மாற்றுங்கள். இரட்டை அடுக்கில் இந்தச் சோதனை செல்லாது, வெளி உறை புதுசாகவே தெரியும். டார்ச் அடித்து உள்குழாயைப் பாருங்கள். அது நெளிந்தோ தையல் பிரிந்தோ இருந்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு தீ வந்துபோயிருக்கிறது. அந்தத் துண்டை மாற்றுவதோடு, மேலேயுள்ள புகைபோக்கியையும் பரிசோதிக்காமல் அடுத்த தீயை மூட்டாதீர்கள்.